பழைய லாரிக்கு மறுபிறவி: ஸ்பேனருக்கு முன்னால் எடுக்க வேண்டியது நோட்டுப் புத்தகம்!

பழைய லாரி ஒன்றைச் சட்டம் வேறு, எஞ்சின் வேறு, கேபின் வேறு என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட இரண்டு பேருக்குச் சில நாட்கள் போதும். அதையே திரும்பப் பூட்டி ரோட்டில் ஓடவிட ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். ஓடாமலே போய்விடுவதும் உண்டு.

ஓடாமல் போன லாரியின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆசையோடு கழற்றுகிறார்கள். சாமான்கள் கோணியிலும் டின்னிலும் அட்டைப் பெட்டியிலும் ஏறுகின்றன. ஆறு மாதம் கழித்து, எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு உரியது என்று யாருக்கும் தெரிவதில்லை. மேஸ்திரி ஊருக்குப் போய்விடுகிறார். ஷெட் வாடகை ஏறுகிறது. கடைசியில் பழைய இரும்பு வியாபாரி தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அரை நூற்றாண்டு மலையேறி இறங்கிய வண்டி கிலோ கணக்கில் விலை போகிறது.

இப்படி நின்றுபோகும் லாரியில் முதலாளியின் பணம் மட்டுமா முடங்குகிறது? பட்டறைத் தொழிலாளியின் கூலியும் சேர்ந்தல்லவா முடங்குகிறது! ஆகவே, இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு என்ன என்று தள்ளிவிட வேண்டாம். லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவருக்கும், பேட்டைக் கடைகளில் கணக்கு எழுதுபவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

மட்டாஞ்சேரியும் லாரியும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை அறியாத கொச்சித் தமிழர் இருக்க முடியாது. ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடைகள், நடுவே குறுகலான சாலை. மிளகு, சுக்கு, ஏலம், கொப்பரை, தேயிலை என்று மூட்டை மூட்டையாக நடமாடிய இடம். பண்டகசாலைகளின் பின்வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கும். சரக்கு வள்ளத்தில் வந்து இறங்கும். பாலங்களும் சாலைகளும் பெருகிய பிறகு முன்வாசலில் லாரி வந்து நின்றது. கம்பம், போடி மலைப் பக்கத்திலிருந்து ஏலமும், தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து அரிசி, காய்கறி, வெங்காயமும் லாரியில்தான் வந்தன. அந்த லாரியின் கிளீனராக வந்து, கொச்சியிலேயே தங்கிக் குடும்பம் நடத்தியவர்கள் நம்மில் உண்டு.

அந்த நாளைய லாரிகள் என்னென்ன? 1954-இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. மூக்கு நீண்ட அந்த 'டாடா பென்ஸ்' வண்டிதான் ஊரெல்லாம் ஓடியது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போய், டாடாவின் சொந்த முத்திரை வந்தது. நம் சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்த கம்பெனி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதன் 'காமெட்' லாரியின் உறுமலை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். பம்பாயில் பிரிமியர் கம்பெனி செய்த டாட்ஜ், பார்கோ வண்டிகளும், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த பெட்போர்டு வண்டிகளும் இருந்தன.

இவற்றில் மிஞ்சியவை இன்று மிகக் குறைவு. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கையை அறிவித்தது. 15 வருஷம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீட்டிக்கப்படுவதில்லை. தகுதிச் சோதனையில் தேறாத தனியார் வண்டிக்கும் வெட்டுக் கூடம்தான் வழி. ஆகவே, மூலையில் துருப்பிடித்து நிற்கும் ஒரு பழைய லாரியைக் காப்பாற்ற நினைப்பவர், அதைக் கழற்றிவிட்டுப் பூட்ட முடியாமல் தவித்தால், காப்பாற்ற வந்தவரே அதற்கு எமன் ஆகிவிடுகிறார்.

கோவை தந்த பாடம்

கழற்றிப் பூட்டுவது என்றால் தமிழனுக்கு நினைவு வருவது ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஓட்டித் திரியவில்லை, முழுவதும் கழற்றித் திரும்பப் பூட்டிப் பார்த்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015 முதல் கோவையில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

மோட்டார் சைக்கிளை ஒருவர் தலைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். லாரி அப்படி அல்ல. ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒருவர் தலை போதாது. அதனால்தான் முதலில் நோட்டுப் புத்தகம் வேண்டும் என்கிறோம்.

தலைகீழாகப் பூட்டினால் போதாதா?

"கழற்றிய வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பூட்டும் வரிசை ஆகிவிடாதா?" என்று கேட்பார்கள். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இது சரியென்றே தோன்றும். கடைசி ஊரில் இறக்க வேண்டிய மூட்டையை முதலில் ஏற்றுகிறோம். முதல் ஊரில் இறக்குவதைக் கடைசியில் ஏற்றுகிறோம். ஆனால் லாரியைப் புதுப்பிப்பதில் இந்தக் கணக்கு பாதிதான் பலிக்கும். காரணம் நான்கு.

முதலாவது, கழற்றும்போது துருப்பிடித்த போல்ட்டை உளியால் வெட்டி எறியலாம், கேஸ் வைத்து அறுக்கலாம். பூட்டும்போது குறுக்கு வழி இல்லை. கை நுழையவும் ஸ்பேனர் திரும்பவும் இடம் வேண்டும். பிரேக் குழாயைச் சட்டத்தில் பொருத்தும் கிளிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கேபினும் ஏறிய பிறகு அங்கே கை போகாது.

இரண்டாவது, கழற்றிய சாமான்கள் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. கிராங்க் ஷாப்ட் கிரைண்டிங்குக்குப் போகும். டீசல் பம்ப் அதற்கென்றே உள்ள கடைக்குப் போகும். ரேடியேட்டர் ஒரு பக்கம், ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம். நாளை வேண்டியது அடுத்த மாதம்தான் வரும் என்றால் வேலை நிற்கும்.

மூன்றாவது, நடுவே பெயிண்ட் வருகிறது. பெயிண்டுக்கு முன் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தால் இரட்டைச் செலவு.

நான்காவது, பூட்டும்போது இடையிடையே சோதனை செய்தாக வேண்டும். கழற்றும்போது அந்த வேலை இல்லை.

கணக்கப்பிள்ளையின் கைவண்ணம்

ஆக, பூட்டும் வரிசையைத் தனியாகத் திட்டமிட வேண்டும். அதுவும் கழற்றும்போதே, கடைசி போல்ட் வெளியே வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. பேரேடு எழுதத் தெரிந்தால் போதும்.

நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் வரிசை எண். அடுத்து, பாகத்தின் பெயர், எந்தப் பக்கம், எத்தனை போல்ட், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பவை. பிறகு, பழையதே போதுமா, மாற்ற வேண்டுமா என்ற குறிப்பு. எந்தக் கடைக்குப் போயிருக்கிறது, போன தேதி, வர வேண்டிய தேதி. இவை எல்லாம் சரக்குப் பதிவேடு எழுதும் குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை.

இவற்றோடு இன்னும் இரண்டு கட்டம் சேர்க்க வேண்டும். அவைதான் உயிர்நாடி. ஒன்று: "இது ஏறுவதற்கு முன் எது ஏறியிருக்க வேண்டும்?" மற்றொன்று: "இது ஏறிய பிறகு எதைத் தொட முடியாது?" ஒவ்வொரு பாகத்துக்கும் இந்த இரண்டு கேள்விக்கும் விடை எழுதிவிட்டால், பூட்டும் வரிசை தானாகவே கண்ணுக்குத் தெரியும். ரேடியேட்டருக்கு முன் எஞ்சின். பானெட்டுக்கு முன் ரேடியேட்டர். டேஷ்போர்டுக்கு முன் ஒயரிங். ஒயரிங்குக்கு முன் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே நிற்கும் தகடு.

இந்த நோட்டு இருந்தால் வேறொரு நன்மையும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போன மேஸ்திரி திரும்பி வரவில்லை என்றாலும் வேலை நிற்காது. வேறொருவர் நோட்டைப் பார்த்துத் தொடரலாம். இன்றைக்குக் கேரளப் பட்டறைகளில் மேஸ்திரி தமிழர், முதலாளி மலையாளி, உதவியாள் வங்காளத்துப் பையன் என்று இருப்பது சகஜம். பெயர் சொல்லிக் கேட்டால் மூவருக்கும் மூன்று பெயர். எண் சொல்லிக் கேட்டால் எல்லோருக்கும் ஒன்றுதான். பெயருக்குப் பக்கத்தில் எண்ணும், முடிந்தால் ஒரு சின்னப் படமும் போட்டுவிடுங்கள்.

சலவைக் குறியின் ரகசியம்

எண் எழுதினால் மட்டும் போதாது. அது அழியாமல் இருக்க வேண்டும். காகிதச் சீட்டு மண்ணெண்ணெய் பட்டதும் போய்விடும். பேனா மசி கிரீஸில் கரையும்.

இதற்கு வழி கேட்க வெகுதூரம் போக வேண்டாம். போர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபி கானாவுக்குப் போனால் போதும். அங்கே துணி வெளுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார். எத்தனையோ வீட்டு வேட்டியும் சேலையும் ஓட்டல் விரிப்பும் ஒரே இடத்தில் வெளுக்கப்பட்டு, ஒரே வெயிலில் காய்கின்றன. ஆனாலும் அவை அவரவர் வீட்டுக்குத் தவறாமல் திரும்புகின்றன. சலவைத் தொழிலின் பழைய வழக்கம், துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவது. வீட்டுக்கு ஒரு குறி. எத்தனை தடவை வெள்ளாவியில் வெந்தாலும் அந்தக் குறி போகாது.

லாரிப் பாகத்துக்கும் அப்படிப்பட்ட குறி வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டைச் சிறு சிறு சீட்டாக வெட்டி, எண் பஞ்சால் தட்டி, கம்பி போட்டுப் பாகத்தோடு கட்டிவிட வேண்டும். போல்ட், நட்டுகளுக்கு இன்னொரு சுலப வழி உண்டு. பாகத்தைக் கழற்றியதும் போல்ட்டை அதன் ஓட்டையிலேயே திரும்பச் செருகி, நட்டைக் கையால் திருகி வைத்துவிடுங்கள். அதைவிடப் பத்திரமான பெட்டி வேறில்லை.

சில பாகங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இடம் மாறினால் கெடுதல். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் அதன் தொப்பியும் பிறவியிலேயே ஜோடி, கலக்கக் கூடாது. கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மூடிகளும் அப்படியே. சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுக்கு இடப்புரி மரை இருக்கும்; தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும்.

எஞ்சின் நம்பரையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பென்ஸ் 312 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர். டாடாவின் 692 எஞ்சினுக்கு 92. 697 எஞ்சினுக்கு 97. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, பின்னால் வருவது விட்டம். மாற்றி வாங்கி வந்த பிஸ்டனைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நம்பி இருக்க முடியுமா?

ஐந்து செக்போஸ்ட்

2017-இல் ஜி.எஸ்.டி. வரும் முன்பு வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை பிடித்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சீல் விழாமல் வண்டி நகராது. அந்தச் சாவடி போய்விட்டது, நல்லதுதான். ஆனால் ஷெட்டுக்குள் பூட்டப்படும் லாரிக்கு ஐந்து சாவடி கட்டாயம் வேண்டும். ஒன்றைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

முதல் சாவடி, சட்டம். வண்டியின் முதுகெலும்பு அது. நீளவாட்டில் இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள், குறுக்கே பல சட்டங்கள், எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தவை. பல வருஷம் பாரம் சுமந்ததில் வளைந்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம். இதைப் பார்க்க நம் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சட்டத்தின் இரு பக்கமும் எதிரெதிரான இடங்களில் நூல் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் அது தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். சட்டத்தை நகர்த்திவிட்டுப் புள்ளிகளைக் குறுக்கு மூலையாக அளந்து பாருங்கள். இரண்டு மூலை அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வித்தியாசம் வந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் ஏற்றக் கூடாது. கோணல் அஸ்திவாரத்தில் வீடு கட்டியவன் கதைதான் பிறகு!

இரண்டாவது சாவடி, ஒத்திகை. பெயிண்ட் அடிக்கும் முன்பே கேபின், பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் சட்டத்தின் மேல் வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். கதவு சரியாக மூடுகிறதா, பானெட் இடைவெளி இரு பக்கமும் சமமா என்று பார்த்து, போட வேண்டிய ஓட்டைகளை அப்போதே போட்டுவிட வேண்டும். பிறகு திரும்பவும் இறக்கிப் பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும். இரட்டை வேலை என்று நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. புதுப் பெயிண்டைத் துளைத்துப் போட்ட ஓட்டையில்தான் கொச்சியின் உப்புக் காற்று முதலில் நுழையும்.

நம் நாட்டு லாரிக்கு இந்த ஒத்திகை மிக மிக அவசியம். ஏனென்றால் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் வந்தது எஞ்சின் பூட்டிய சட்டமும் மூக்குப் பகுதியும்தான். கேபினையும் பாடியையும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களில் நம் தச்சர்களும் தகட்டு வேலைக்காரர்களும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். ஒரு கேபினைப் போல் இன்னொன்று இருக்காது. கம்பெனிப் புத்தகத்தில் அதற்கு அளவு கிடையாது. மக்கிய பழைய மரத்துண்டுதான் அதன் அளவுப் புத்தகம். புதிய துண்டு செய்து பொருத்தும் வரை பழைய துண்டை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது சாவடி, சக்கரமும் பிரேக்கும். பெயிண்ட் அடித்த சட்டத்தில் முதலில் ஸ்பிரிங் பட்டைகள், பிறகு முன் அச்சு, பின் அச்சு, ஸ்டியரிங் பெட்டி. சட்டம் திறந்து கிடக்கும்போதே பிரேக் குழாய்களை ஓட்டிவிட வேண்டும். சக்கரம் மாட்டியதும் வண்டி உருளும். இடம் குறைந்த ஷெட்டில் அதுவே பெரிய நிம்மதி. ஸ்பிரிங்கை அச்சோடு சேர்க்கும் யூ போல்ட்டுகளை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடியும் முறுக்க வேண்டும். பிரேக்கை மிதித்து, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே நோட்டில் கையெழுத்து.

நான்காவது சாவடி, எஞ்சின். எஞ்சினைத் தனியே ஸ்டாண்டில் முழுவதும் பூட்டி, கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தி, கியர் பாக்ஸையும் சேர்த்து, ஒரே உருப்படியாகச் செயின் பிளாக்கில் தூக்கிச் சட்டத்தில் இறக்குவது நல்லது. தனித்தனியாக இறக்கி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சேர்ப்பது முதுகை ஒடிக்கும் வேலை. 6 சிலிண்டரும் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் வெடிக்க வேண்டும். டீசல் பம்பிலிருந்து போகும் குழாய்கள் அந்தக் கணக்குப்படிதான் மாட்டப்பட வேண்டும். பிறகு கேபின் ஏறும் முன்பே, ரேடியேட்டரைத் தற்காலிகமாக வைத்து, டின்னிலிருந்து டீசல் கொடுத்து, வெறும் சட்டத்தின் மேலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் எங்கே கசிகிறது, தண்ணீர் எங்கே சொட்டுகிறது எல்லாம் கண் முன்னே தெரியும். கேபின் ஏறிய பிறகு அதே கசிவைத் தேட, பூட்டியதில் பாதியைக் கழற்ற வேண்டி வரும். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாப்டை, கழற்றும்போது போட்ட அடையாளப்படியே சேர்க்க வேண்டும். இரு முனைக் கவைகளும் நேராக அமையாவிட்டால் வண்டி முழுவதும் அதிரும்.

ஐந்தாவது சாவடி, கேபினும் ஒயரிங்கும். கேபின் போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விட்டு, கதவும் பானெட்டும் ஒத்து வந்த பிறகு முறுக்க வேண்டும். உள் அலங்காரத் தகடு அடிக்கும் முன்பே ஒயரை இழுத்து, எல்லா விளக்கும் எரிகிறதா, ஹாரன் ஒலிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தரைப் பலகை, சீட்டு, கண்ணாடி எல்லாம் கடைசியில். கண்ணாடி முதலில் ஏறினால் யாராவது ஒருவர் ஸ்பேனரால் இடித்துவிடுவார் என்பது எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த விதி!

இந்த ஐந்தும் தாண்டிய பிறகுதான் சரக்குப் பாடி. சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே மரப்பட்டை வைத்து யூ போல்ட்டால் கட்ட வேண்டும். சட்டத்தின் மேல் விளிம்பில் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டால் அங்கேதான் ஒரு நாள் விரிசல் விடும்.

கூலியையும் இந்தச் சாவடிகளோடு இணைத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஒவ்வொரு சாவடி தாண்டியதும் இவ்வளவு என்று முன்பே பேசி நோட்டில் எழுதிவிட்டால், முதலாளிக்குப் பணம் எங்கே போகிறது என்று தெரியும். வேலை நடுவில் நின்றாலும் செய்த வேலைக்குக் கூலி தொழிலாளியின் கைக்கு வந்திருக்கும். வெளியூரில் பிழைக்கிற நமக்கு வாய்ப் பேச்சை விட எழுத்து பலம்.

மழையும் ஒரு மேஸ்திரிதான்

கொச்சியில் இந்தத் திட்டத்தோடு பஞ்சாங்கத்தையும் சேர்க்க வேண்டும். ஜூன் பிறந்தால் இடவப்பாதி. காற்றே ஈரம். அப்போது பெயிண்ட் அடித்தால் வெண்மை பூத்து மங்கிவிடும். துரு சுரண்டிய இரும்பு ராத்திரிக்குள் மறுபடியும் சிவந்துவிடும். ஆகவே துரு நீக்குவதும் பெயிண்டும் டிசம்பர் முதல் மார்ச் வரை. சுரண்டிய அன்றே பிரைமர். மழைக்காலத்தில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் வேலைகள். கடைசல் செய்த சிலிண்டருக்கும் புதுப்பித்த கிராங்க் ஷாப்டுக்கும் எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணி சுற்றி வைக்க வேண்டும். வெளிக்கடைக்குப் போக வேண்டியவற்றில் எது அதிக நாள் எடுக்குமோ அதை முதலில் அனுப்ப வேண்டும். நாளைக்கு வேண்டும் என்று நேற்றே போனவனுக்குத்தான் சாமான் கிடைக்கும்.

பெரம்பூர் கைகள் செய்த அதிசயம்

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உண்மை வரலாறு. அது லாரி அல்ல, ரயில் எஞ்சின். ஆனால் வேலை அதே வேலைதான்.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த நீராவி எஞ்சின் ஒன்று இந்தியாவுக்கு வந்தது. பெயர் ஈ.ஐ.ஆர். 21. 1909-இல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. ஒரு நூற்றாண்டு வெயிலும் மழையும் தின்ற அந்த எஞ்சின் சென்னை பெரம்பூர் ரயில்வே பட்டறைக்கு வந்தது. பல பாகங்களே இல்லை. இல்லாதவற்றைப் புதிதாகச் செய்தார்கள். இருப்பவற்றைப் புதுப்பித்தார்கள். 2010 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று அது சென்னையில் புகை கக்கிக்கொண்டு ஓடியது!

2019 பிப்ரவரியில் அதே எஞ்சின் கொச்சிக்கும் வந்தது. எர்ணாகுளம் சந்திப்புக்கும், மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில் உள்ள துறைமுக ரயில் நிலையத்துக்கும் இடையே ஓடியது. பார்க்கக் கூடியவர்கள் அதன் வயதைக் கண்டு வியந்தார்கள். அந்தத் தள்ளாத வயதில் அதை எழுப்பி நடக்கவிட்டவை பெரம்பூர் தொழிலாளர்களின் கைகள் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சட்டத்தின் கண்

ஒரு எச்சரிக்கை. 50 வருஷம் கடந்த பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு தர 2021 ஜூலையில் மத்திய அரசு விதி செய்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். சட்டம், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வியாபாரத்துக்கு ஓட்டவும் முடியாது. அந்த விதி சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு என்று எழுதப்பட்டது. ஆகவே சரக்கு லாரி வைத்திருப்பவர் முதல் போல்ட்டைத் தொடும் முன்பே ஆர்.டி. ஆபீசில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சட்டத்தில் வெட்டிய சேசிஸ் நம்பரைத் துரு சுரண்டும் வேகத்தில் தேய்த்துவிட்டால், வண்டிக்குப் பெயரே இல்லாமல் போய்விடும். அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நம்பரைப் போட்டோ பிடித்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கையும் கணக்கும்

கொச்சித் துறைமுகத்தின் பெட்டிச் சரக்குப் போக்குவரத்து 2011-இல் வல்லார்பாடத்துக்கு மாறிவிட்டது. பஜார் ரோட்டில் பழைய சந்தடி இல்லை. பழைய லாரிகளும் இல்லை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரிந்த மேஸ்திரிகளும் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். அவர்களில் பலர் எழுதிப் பழகாதவர்கள். அவர்கள் அறிந்த வரிசை அவர்கள் கையோடு போய்விடுகிறது.

அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். நம்மில் பட்டறைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஆபீஸ்களிலும் கடைகளிலும் கணக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் ஒரு குமாஸ்தா, தெரிந்த மேஸ்திரி ஒருவரின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தால் போதும். "இதற்கு முன் எது, அண்ணே? இதற்குப் பின் எதைத் தொட முடியாது?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், நாற்பது வருஷ அனுபவம் நாற்பது பக்கத்தில் வந்துவிடும். அந்த நாற்பது பக்கம் கையில் இருந்தால், இனிக் கழற்றப்படும் லாரியாவது தராசுக்குப் போகாமல் ரோட்டுக்கு வரும்.